கருஞ்சீரகச் சாறும் கருப்பைத் தசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வரும் தொலைவில் உள்ள ஒரு மருந்தகத்தில் நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியையோ கேப்சூல் டப்பாவையோ முகப்பில் வைத்துவிட்டு, மகளுக்கோ மருமகளுக்கோ கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். சிலர் அது கருவைக் கலைத்துவிடும் என்று பயந்து வருகிறார்கள். வேறு சிலர் அது கருப்பையைத் தளர்த்தி வலியைப் போக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். ஒரே விதையைப் பற்றி இப்படி நேரெதிரான இரண்டு பேச்சுகள் எப்படிக் கிளம்பின என்பதை முகப்பில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட முடிவதில்லை. ஆகவே அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கருஞ்சீரகம் என்பது எது? கடையில் நான்கு வகைச் சீரகம் இருக்கிறதே?

ரசத்துக்குப் போடும் சீரகம், சோம்பு என்கிற பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காட்டுச் சீரகம் ஆகிய நான்கில், முதல் இரண்டு மட்டுமே கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்கள். கருஞ்சீரகத்துக்கும் அவற்றுக்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டுறவு இல்லை. மலாய்க்காரர்கள் இதை ஜிந்தான் ஹித்தாம் என்பார்கள். மருந்தாக விற்கும்போது ஹப்பாத்துஸ் சவுடா என்ற அரபு வழிப் பெயர் டப்பாவில் இருக்கும்.

அடையாளம் காண்பது எளிது. கருஞ்சீரகம் மூன்று முனையுள்ள சிறு விதை. மங்கிய கறுப்பு நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். உள்ளங்கையில் நான்கைந்து விதைகளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால், ஓமமும் மிளகும் கலந்தாற்போன்ற காரமான மணம் எழும். கறுப்பு எள் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும், தேய்த்தால் அந்த மணம் வராது. காட்டுச் சீரகம் நீளமானது, கடுங்கசப்பானது, குடற்புழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேறொரு செடியின் விதை. கருஞ்சீரகம் என்று நினைத்து இதை வாங்கிச் சென்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘சாறு’, ‘எண்ணெய்’, ‘எக்ஸ்ட்ராக்ட்’ எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு விதையிலிருந்து எதைக் கொண்டு பிரித்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து, கையில் கிடைக்கும் பொருள் மாறுகிறது. கருஞ்சீரகத்தைச் செக்கில் ஆட்டினால் கிடைப்பது கொழுப்பு எண்ணெய். அதில் பெரும்பகுதி லினோலெயிக், ஒலெயிக் என்ற சாதாரணக் கொழுப்பு அமிலங்கள்தான். மணம் தரும் பொருள்கள் அதில் சிறிதளவே கலந்திருக்கும். அதே விதையை நீராவியில் வடித்தால் கிடைப்பது ஆவியாகும் எண்ணெய். தைமோகுவினோன், பாரா-சைமீன், கார்வக்ரால் போன்ற வீரியமுள்ள பொருள்கள் அடர்த்தியாக இருப்பது அதில்தான். தண்ணீரில் கொதிக்கவைத்துக் கஷாயமாக்கினால், நீரில் கரைபவை இறங்கும், மணப்பொருளில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். சாராயத்திலோ ஹெக்ஸேன் போன்ற கரைப்பானிலோ ஊறவைத்தால் இன்னொரு தொகுப்பு கிடைக்கும்.

ஆய்வுக் கட்டுரையில் ஆவியாகும் எண்ணெய் என்று எழுதியிருப்பதை ஒருவர் ‘கருஞ்சீரகம்’ என்று சுருக்கிச் சொல்ல, அதைக் கேட்ட இன்னொருவர் செக்கெண்ணெயை வாங்கிக் குடிக்கிறார். குழப்பத்தின் பாதி இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கருப்பைத் தசை எப்படிச் சுருங்குகிறது?

கருப்பைச் சுவரின் பெரும்பகுதி மழமழப்புத் தசையால் ஆனது. கையை மடக்குவதைப் போல நாம் நினைத்து இயக்கக்கூடிய தசை அன்று அது. இரைப்பை, மூச்சுக்குழல், ரத்தக்குழாய் ஆகியவற்றின் சுவரில் இருப்பதைப் போன்ற தசை, தன்போக்கில் இயங்குவது. கருவில்லாத காலத்தில் 60 அல்லது 70 கிராம் எடையுள்ள கருப்பை, நிறைமாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் வரை வளர்ந்துவிடுகிறது.

சுருக்கத்துக்கான திறவுகோல் கால்சியம். தசை அணுவின் மேலுறையில் உள்ள சிறு வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாயும்போது, அது கால்மோடுலின் என்ற புரதத்துடன் இணைகிறது. அந்த இணை ஒரு நொதியைத் தூண்ட, ஆக்டின், மயோசின் என்ற இரு இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தசை இறுகுகிறது. கால்சியம் வெளியேற்றப்பட்டதும் தசை தளர்கிறது. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ஆக்சிடோசின், கருப்பையிலேயே உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் ஆகிய இரண்டும் இந்தக் கால்சியம் வரத்தைக் கூட்டுகின்றன. புரோஜெஸ்டிரோன் கர்ப்பகாலம் முழுவதும் தசையை அமைதியாக வைத்திருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கருப்பை எல்லா நாளும் ஒரே கருப்பை அன்று. மாதவிடாய்க் காலத்தில் ஒரு நிலை, ஐந்தாம் மாதத்தில் இன்னொரு நிலை, நிறைமாதத்தில் முற்றிலும் வேறு நிலை. பேறுகாலம் நெருங்கும்போது ஆக்சிடோசினை ஏற்கும் இடங்கள் பல மடங்கு பெருகுகின்றன. தசை அணுக்களுக்கு இடையே இணைப்புப் பாலங்கள் உருவாகி, அதுவரை தனித்தனியே துடித்தவை ஒன்றுசேர்ந்து அலையாக இறுகத் தொடங்குகின்றன. ஆகவே ஒரு பொருள் கருப்பையை என்ன செய்யும் என்று கேட்டால், எந்த நிலையில் உள்ள கருப்பையை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாறு தசையைச் சுருக்குகிறதா, தளர்த்துகிறதா என்பதை எப்படி அளக்கிறார்கள்?

மாணவப் பருவத்தில் இந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முந்தைய நாளே பெண் எலிக்கு ஈஸ்டிரோஜன் ஊசி போட்டுவிடுவார்கள். மறுநாள் அதன் கருப்பையிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, இரு முனையிலும் நூல் கட்ட வேண்டும். ஈர நூலைப் போன்ற அந்த மெல்லிய துண்டில் முடிச்சுப் போடுவதற்குள் விரல் நடுங்கிவிடும். கீழ் நூலைக் கண்ணாடிக் குழாயின் அடியிலுள்ள கொக்கியிலும், மேல் நூலை இழுவையை அளக்கும் கருவியிலும் மாட்டுவோம். குழாயில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் இருக்கும். அதன் வழியே ஆக்சிஜன் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். எலிக் கருப்பைக்கு வழக்கமாகப் பயன்படும் டி ஹாலோன் கரைசலில் கால்சியம் குறைவு, வெப்பமும் உடல் வெப்பத்தைவிடக் குறைவாக 30 முதல் 32 பாகை வரைதான். தசை தன்போக்கில் துள்ளிக்கொண்டே இருந்தால் மருந்தின் விளைவைப் பிரித்தறிய முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

அரைமணி நேரம் காத்திருந்து ஆக்சிடோசின் ஒரு சொட்டு விட்டால், திரையில் உள்ள கோடு மலைபோல் ஏறி இறங்கும். கழுவிவிட்டு, சோதிக்க வேண்டிய சாற்றைச் சேர்த்து, மீண்டும் அதே அளவு ஆக்சிடோசினை விட்டு மலையின் உயரம் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்ப்போம். எங்கள் தலைமுறைக்கு முன்பு, புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய உருளையில் ஊசி கீறிய கோட்டைப் பார்த்துத்தான் இதை அளந்தார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. கரைப்பதற்காக வேறொரு திரவத்தைச் சேர்க்க வேண்டும். அந்தத் திரவமே தசையைத் தளர்த்தக்கூடும். வெறும் கரைப்பானை மட்டும் விட்டுப் பார்த்த கோடு கட்டுரையில் இல்லையென்றால், அந்தக் கட்டுரையை நான் நம்புவதில்லை.

கருஞ்சீரகத்தை இப்படிச் சோதித்ததில் என்ன தெரிந்தது?

1996இல் ஆக்கெல், ஷாஹீன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. எலியின் கருப்பைத் தசையையும் கினிப்பன்றியின் கருப்பைத் தசையையும் தனியே பிரித்தெடுத்து, கருஞ்சீரகத்தின் ஆவியாகும் எண்ணெயை அவற்றின்மீது சோதித்தார்கள். தசை தன்போக்கில் துடித்த துடிப்பு குறைந்தது. ஆக்சிடோசின் விட்டுத் தூண்டிய சுருக்கமும் குறைந்தது. எண்ணெயின் செறிவு கூடக் கூட அடக்கும் ஆற்றலும் கூடியது. சுருங்கச் சொன்னால், அந்த எண்ணெய் ஆக்சிடோசினுக்கு எதிர்த்திசையில் வேலை செய்தது.

ஏன் என்பதற்கும் ஒரு நல்ல ஊகம் உண்டு. 2001இல் கராச்சி ஆகா கான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முயலின் குடல் தசையையும் கினிப்பன்றியின் மூச்சுக்குழல் தசையையும் கருஞ்சீரகச் சாறு தளர்த்துவதைக் காட்டி, கால்சியம் நுழையும் வாயில்களை அது அடைப்பதே காரணம் என்று விளக்கினார்கள். குடலிலும் மூச்சுக்குழலிலும் கருப்பையிலும் இருப்பது மழமழப்புத் தசையே என்பதால், மூன்றிலும் ஒரே வழியில் வேலை நடந்திருக்கலாம் என்று கொள்வது பொருத்தமானது. ஆஸ்துமாவுக்கும் வயிற்று இழுப்புக்கும் இந்த விதையைக் கொடுத்த பழைய வழக்கத்துடனும் இது ஒத்துப்போகிறது.

அப்படியென்றால், ‘கருஞ்சீரகம் சூதகத்தை இறக்கும், கர்ப்பிணிக்கு ஆகாது’ என்று பாட்டி சொன்னது பொய்யா?

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்வதற்கு ஆதாரமும் இல்லை.

சித்த மருத்துவத்தில் கருஞ்சீரகம் சூதகக் கட்டுக்கு, அதாவது நின்றுபோன மாதவிடாயை வரவழைப்பதற்குச் சொல்லப்பட்ட சரக்கு. தோட்டங்களில் பேறு பார்த்த மருத்துவச்சிகள், பிள்ளை பெற்றவளுக்கு ‘அழுக்கு இறங்க வேண்டும்’ என்று இதைச் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சேர்த்து இடித்துக் கொடுத்தார்கள். இறங்க வேண்டும் என்று கொடுக்கப்பட்ட பொருள், இறங்கக் கூடாத காலத்தில் ஆகாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது தர்க்கப்படி சரியே.

ஆனால் மாதவிடாய் வருவது தசைச் சுருக்கத்தால் மட்டும் நடப்பதன்று. இயக்குநீர்களின் ஏற்ற இறக்கம், கருப்பையின் உள்வரிச் சவ்வு, ரத்த ஓட்டம் ஆகிய எல்லாம் அதில் பங்குகொள்கின்றன. தசையைத் தளர்த்தும் ஒரு பொருள் வேறொரு வழியில் கருவைப் பாதிக்கவும் கூடும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. ஹெக்ஸேனில் பிரித்தெடுத்த கருஞ்சீரகச் சாற்றை, இணைசேர்ந்த எலிகளுக்கு முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, ஒரு கிலோ எடைக்கு 2 கிராம் என்ற கணக்கில் வாய்வழியாகக் கொடுத்தபோது, கரு தங்குவது தடுக்கப்பட்டது. அது மிகப் பெரிய அளவு. சமையலில் நாம் தூவும் கருஞ்சீரகத்துக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இருந்தாலும், தனித் தசைத் துண்டில் ‘தளர்த்துகிறது’ என்று பெயர் வாங்கிய விதையின் இன்னொரு சாறு, முழு உயிரில் கருவைத் தங்கவிடாமல் செய்திருக்கிறது. பாட்டி சொன்ன காரணம் தவறாக இருக்கலாம், எச்சரிக்கை தவறு என்று ஆகிவிடாது.

நாட்டு வழக்குகள் ஆய்வுக்கூடத்தில் நின்று காட்டியதும் உண்டு. 1960களில் காங்கோவில் பணியாற்றிய லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், பேறுவலியை விரைவுபடுத்த அங்குள்ள பெண்கள் ஒரு செடியைக் காய்ச்சிக் குடிப்பதைக் கண்டார். அவர் அதை ஆராய்ந்தபோது, கருப்பையை இறுக்கும் புரதத் துணுக்கு ஒன்று கிடைத்தது. உள்ளூர்ப் பெயரை வைத்தே அதற்குக் கலாட்டா பி1 என்று பெயர் வந்தது. கோதுமையின் உறவான ரை பயிரில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையையும் ஐரோப்பிய மருத்துவச்சிகள்தான் முதலில் கையாண்டார்கள். அதிலிருந்து 1935இல் பிரிக்கப்பட்ட எர்கோமெட்ரின், பேற்றுக்குப் பின் ரத்தப்போக்கை அடக்கும் ஊசியில் இன்றும் இருக்கிறது. கருஞ்சீரகத்துக்கு அப்படி ஒரு தெளிவான கதை இதுவரை எழுதப்படவில்லை.

குருமாவிலும் ஊறுகாயிலும் போட்ட கருஞ்சீரகத்தைக் கர்ப்பிணி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்குச் செய்யும் கறியில் ஒரு சிறு கரண்டி, அதாவது சுமார் 2 கிராம் விதை போகும். விதையில் ஆவியாகும் எண்ணெய் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், முழுக் கறியிலும் 10 முதல் 40 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். தாளிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் சட்டியிலிருந்து தப்பிப் போன எண்ணெய்தான். மிஞ்சியதை நான்கைந்து பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரொட்டியின்மேல் தூவிய நாலு விதைக்காகக் கர்ப்பிணியை மேசையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

எண்ணெயாகவோ கேப்சூலாகவோ எடுத்துக்கொண்டால்?

கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்றே நான் சொல்கிறேன். உணவின் அளவைத் தாண்டி, மருந்தின் அளவில் தினமும் எடுத்தால் கருவுற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் தீங்கில்லை என்று காட்டும் தகுந்த மனித ஆய்வு இல்லை. விலங்கு ஆய்வு கவலைக்கு இடம் தருகிறது. ‘மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் இதில் நிவாரணம் உண்டு’ என்ற நபிமொழியை மதித்து எடுத்துக்கொள்ளும் முஸ்லிம் சகோதரிகளும் எங்கள் மருந்தகத்துக்கு வருகிறார்கள். அவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கில் எண்ணெய் குடிப்பதைப் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தசையைத் தளர்த்தும் என்பதால், ஏழாம் மாதத்தில் வரும் வலியை இதைக் கொண்டு நிறுத்தலாமா?

கூடாது. கண்ணாடிக் குழாயில் எண்ணெய் நேராகத் தசைமேல் படுகிறது. நாம் விழுங்குவது குடலையும் கல்லீரலையும் கடந்து, ரத்தத்தில் கலந்த பிறகே கருப்பையை அடைகிறது. தைமோகுவினோன் ரத்தத்திலுள்ள புரதங்களோடு 99 விழுக்காட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது, ஆகவே தசைக்குப் போய்ச் சேருவது சொற்பம். கால்சியம் வாயிலை அடைத்துக் கருப்பையைத் தளர்த்தும் மருந்து வேண்டுமென்றால், நிஃபெடிபின் என்ற மருந்தை மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். 37 வாரம் முடியும் முன்பு வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ வீட்டு மருந்தைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாதவிடாய் வயிற்றுவலிக்கு உதவுமா?

மாதவிடாய் வலிக்குப் பெரிய காரணம் புரோஸ்டாகிளாண்டின். அது கருப்பையை அளவுக்கு மீறி இறுக்குவதால், தசைக்கு ரத்தம் போவது தடைபட்டு வலிக்கிறது. பொன்ஸ்டான் என்ற பெயரில் பலருக்கும் பழகிய மெஃபெனாமிக் அமில மாத்திரை அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைக் குறைக்கிறது. ஆகவே தசையைத் தளர்த்தும் கருஞ்சீரகமும் உதவக்கூடும் என்று எண்ணுவது நியாயமான ஊகம்.

ஆனால் மசாலாப் பொருள்களில் இதற்கு மேம்பட்ட சான்று உள்ளது இஞ்சிக்குத்தான். 2009இல் ஈரானில் 150 மாணவிகளைக் கொண்டு செய்த ஆய்வில், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாள்கள், வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நான்கு வேளை இஞ்சிப் பொடி கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கும், மெஃபெனாமிக் அமிலமோ இபுபுரோஃபெனோ சாப்பிட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சுக்குக் காப்பி குடித்துவிட்டு வெந்நீர்ப் பையோடு படுத்துக்கொள்ளச் சொன்ன அம்மாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால், அல்லது மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால், உள்ளே வேறு காரணம் இருக்கலாம். மகப்பேற்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிள்ளை பெற்ற பிறகு, பத்தியத்தில் கருஞ்சீரகம் சேர்க்கிறார்களே?

பச்சை உடம்புக்காரிக்குக் கருப்பை நன்றாகச் சுருங்க வேண்டும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தவுடன், நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை, இறுகும் தசைதான் முடிச்சுப் போட்டது போல் அடைக்கிறது. தசை இறுகாமல் தொய்ந்தால் ரத்தம் நிற்காது. பேற்றுக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்குக்கு முதன்மையான காரணம் இதுவே. பிள்ளை பிறந்ததும் தாயின் தொடையில் மிஸ்ஸி, அதாவது தாதி, போடும் ஊசி ஆக்சிடோசின்தான், அல்லது ஆக்சிடோசினும் எர்கோமெட்ரினும் சேர்ந்தது. குழந்தை முலைக்காம்பைச் சப்பும்போது அடிவயிறு சுண்டி இழுப்பதும் தாயின் உடம்பிலேயே ஊறும் ஆக்சிடோசினின் வேலை.

இந்த நிலையில், தசையைத் தளர்த்தக்கூடும் என்று சந்தேகம் உள்ள அடர்ந்த எண்ணெயை முதல் சில நாள்களில் கொடுப்பதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை. பத்தியக் குழம்பில் மற்றச் செலவுச் சாமான்களோடு இடித்துப் போடும் ஒரு சிட்டிகையைப் பற்றி நான் இதைச் சொல்லவில்லை. அது சாப்பாடு, சாப்பிடட்டும். மருந்தகத்தில் ஒரு மாமியார் என்னிடம், “அப்ப நாங்க அந்தக் காலத்துல குடிச்சதெல்லாம் வீணா தம்பி?” என்று கேட்டார். “வீணில்லைம்மா, அது குழம்பு, நீங்க கையில வச்சிருக்கிறது வடிச்ச எண்ணெய்” என்றேன். சற்று நேரம் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, பெரிய ரத்தக் கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றி உடம்பு சில்லிட்டாலோ அது ‘அழுக்கு இறங்குவது’ அன்று. 999ஐ அழையுங்கள்.

ரும்புட் பாத்திமாவும் இதே வகையா?

இல்லை, அது மத்தியக் கிழக்குப் பாலைவனச் செடி. காய்ந்து சுருண்ட அந்தச் செடியைத் தண்ணீரில் போட்டால் விரியும், அந்த நீரை நிறைமாதத்தில் குடித்தால் பிள்ளைப்பேறு எளிதாகும் என்பது மலாய்க் குடும்பங்களில் வழக்கம். அண்டை வீட்டு நட்பால் நம் வீடுகளுக்கும் அது வந்திருக்கிறது. அந்த நீர் வலியை மிதமிஞ்சித் தூண்டிவிடும் என்ற கவலை மருத்துவர்களிடையே உண்டு. மருத்துவமனையில் வலி வரவழைக்கும் மருந்து கொடுக்கும் நாளில் இதையும் இரகசியமாகக் குடித்திருந்தால், ஒன்றோடொன்று சேர்ந்து குழந்தைக்கு மூச்சு முட்டும் அளவுக்குக் கருப்பை இறுகக்கூடும். குடித்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா?

ஆகலாம். கருஞ்சீரகம் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கக்கூடியது. இன்சுலினோ மெட்ஃபார்மினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். மேலும், மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் இரண்டு முக்கிய நொதிகளை இந்த விதை தடுப்பதாக 2010இல் மனிதத் தன்னார்வலர்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. மேலே சொன்ன நிஃபெடிபின் அவற்றில் ஒன்றால்தான் சிதைக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி அழுத்தம் மிகவும் இறங்க வாய்ப்புண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வாங்கும்போது டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் பொருளுக்கு, ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் முடிவில் ‘டி’ (T) என்ற எழுத்து வரும். கூடவே ஒளிபட்டால் நிறம் மாறும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். ‘டி’ என்ற எழுத்துக்கு அர்த்தம், கன உலோகம், கிருமி, கலப்படம் முதலியவற்றுக்காகப் பொருளின் தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே. அது நோயைக் குணப்படுத்தும் என்று மெய்ப்பிக்கப்பட்டது என்பது அன்று. உணவு எண்ணெயாக விற்கப்படும் புட்டிகளில் இந்த எண் இருக்காது. இரவுச் சந்தையில் எண்ணும் இல்லாமல், செக்கெண்ணெயா வடித்த எண்ணெயா என்ற விவரமும் இல்லாமல் விற்கும் புட்டியை, விலை பத்து வெள்ளிதான் என்பதற்காக வாங்காதீர்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் இரண்டு வாரம் கேப்சூல் சாப்பிட்டுவிட்டேன். என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். பதற வேண்டாம், லக்னோ ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்ததை, உடற்பரப்புக் கணக்கில் 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மாற்றினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 கிராம் ஹெக்ஸேன் சாறு ஆகும். ஒரு கேப்சூலில் இருப்பது பெரும்பாலும் அரை கிராம் செக்கெண்ணெய். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் சென்று, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை என்று மிஸ்ஸியிடம் சொல்லி, தாய் நலப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். டப்பாவைத் தூக்கி எறிந்திருந்தால், வாங்கிய கடையில் அதேபோன்ற ஒன்றைக் கேட்டு, கைப்பேசியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு சென்றாலும் போதும்.